அட்டன் மழையும் என் கமராக்களும்

அட்டனில் கமரா வாங்க நினைக்கிறவர் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் வானத்தைப் பார்க்க வேண்டும். வைகாசி பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று கினிகத்தேனைப் பக்கமாக மலையேறி வந்துவிடும். பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. புரட்டாதி வரைக்கும் சுவர் வியர்க்கும், சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும், மடித்து வைத்த கல்யாண வேட்டியில் புழுங்கல் வாடை ஏறும். அந்த ஈரம் லென்ஸையும் விடாது. கண்ணாடிக்கு உள்ளே முதலில் ஓரத்தில் மெல்லிய வெள்ளை இழை ஓடும், பிறகு நடுவுக்கு வரும். படம் ஏன் மங்குகிறது என்று யோசித்து லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போதுதான் தெரியும். கொழும்புக்கு அனுப்பிக் கழற்றித் துடைக்கலாம். பூஞ்சணம் போகும். ஆனால் அதற்குள் அது கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். 1987இல் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு அட்டன் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று முதலாளி ஓர் இரும்பு அலுமாரியைத் திறந்து காட்டினார். அடித்தட்டில் 15 வாட் மின்குமிழ் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மேல்தட்டுகளில் கமராக்களும் லென்ஸுகளும்.

“கடைய பூட்டுனாலும் இந்த லைட்ட அணைக்கக் கூடாது தம்பி. தீவாளி, பொங்கல், அர்த்தால் எதுவா இருந்தாலும் சரி.”

மின்சாரம் போகும் நாட்களுக்குச் சிலிக்கா மணிகள் இருந்தன. நீலமாக இருக்கும் மணி ஈரத்தைக் குடித்தால் ரோஸ் நிறமாகும். சட்டியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடியும் நீலமாகும். அந்த ஸ்டூடியோவில் நான் கற்ற முதல் தொழில் சிலிக்கா வறுப்பதுதான். இன்று ஈரப்பதத்தை 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருக்கும் மின்சார அலுமாரி கிடைக்கிறது. என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆனாலும் கமரா வாங்க யோசனை கேட்டு வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்வது அந்தப் பழைய ஏற்பாட்டைத்தான். அதற்கு ஓர் இரும்புப் பெட்டியும் ஒரு குமிழும் போதும்.

தேயிலை ஸ்டோரில் டீமேக்கராக இருந்த எங்கள் உறவுக்காரர் ஒருவர் வேறொரு யோசனை வைத்திருந்தார். காய்ந்த தேயிலையில் ஈரம் 3 வீதமளவில்தான் இருக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை அது சட்டென்று இழுத்துக்கொள்ளும், லென்ஸைத் தேயிலைப் பெட்டிக்குள் புதைத்து வையுங்கள் என்றார். முதலாளி சிரிக்காமல் கேட்டார்: “அப்புறம் அந்தத் தேயிலைய யாரு குடிக்கிறது?”

ஸ்டூடியோவில் இருந்தது யாஷிகா மாட் 124ஜி. இரட்டை லென்ஸ், 120 பிலிம், சுருளுக்கு 12 சதுரப் படம். வயிற்றுக்கு நேரே பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். இடம் வலமாகத் தெரியும், வலம் இடமாகத் தெரியும். “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க” என்று சொல்வதற்குள் நானே குழம்பிப் போவேன். அந்தக் கமராவின் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது. படம் எடுக்கிறவன் தலை குனிந்து நிற்கிறான். எதிரே இருப்பவரை முறைத்துப் பார்க்க அதில் வழியே இல்லை. துரையின் முன்னாலும் கங்காணியின் முன்னாலும் நிமிர்ந்து நின்று பழகாத அப்பாயிமார், தமக்கு முன்னால் ஒருவன் குனிந்து நிற்பதைக் கண்டதும் தோளைத் தளர்த்துவார்கள். அந்த ஒரு நொடிக்குத்தான் முதலாளி காத்திருப்பார். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிற கமராக்களில் அது எனக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை.

அந்த ஸ்டூடியோவின் செழிப்பான காலம் நான் வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. முடிவாகாமல் கிடந்த 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. இத்தனை பேரும் யாரோ ஒரு போட்டோக்காரனின் வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எழும்பித்தான் போயிருக்க வேண்டும். கடவுச்சீட்டுப் படத்துக்கு மலையிறங்கி வந்த குடும்பங்கள் கூடவே இன்னொரு படமும் கேட்டதாக முதலாளி சொல்வார். போகிறவர்களும் இருக்கிறவர்களும் சேர்ந்து நிற்கிற படம். இரண்டு பிரதி. ஒன்று பெட்டிக்குள் போய், அட்டனிலோ நானுஓயாவிலோ கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, இராமேஸ்வரத்தில் இறங்கும். மற்றது லயத்துச் சுவரில் தொங்கும். அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். 1984இல் கப்பல் நின்றது. நெகட்டிவ்கள் மட்டும் கடதாசி உறைகளில், தோட்டத்தின் பெயரும் டிவிசனும் எழுதி, அடுக்கடுக்காக இருந்தன.

“கமரா வாங்குறதுக்கு முன்னாடி, எடுக்கப் போற படம் யாரு வீட்டுச் செவுத்துல தொங்கப் போவுதுன்னு யோசி” என்று முதலாளி அடிக்கடி சொல்வார். வியாபாரப் புத்தி என்றுதான் அப்போது நினைத்தேன். வியாபாரப் புத்திதான். ஆனால் அதற்குப் பிறகு நான் வாங்கியதும் வாங்காமல் விட்டதும் அநேகமாக அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்துத்தான்.

ஒரு ஞானஸ்நானத்துக்குப் படமெடுக்கப் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்துக்குப் போயிருந்தபோது மயானத்தில் ஒரு கல்லறையைக் காட்டினார்கள். ஜூலியா மார்கரெட் கமரோன். பெயரிலேயே கமரா இருக்கிறது என்று கூட வந்த பையன் சிரித்தான். உலகப் புகைப்பட வரலாற்றை யார் எழுதினாலும் இந்த அம்மாவுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும். 1863இல், 48 வயதில், மகள் வீட்டார் கொடுத்த கமராவால் தொழிலைக் கற்றவர். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இங்கே குடிவந்தார். 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார்.

அவருடைய கருவிகளை நினைத்தால் எனக்குத் தோள் வலிக்கிறது. 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் கண்ணாடித் தகடு. அதில் கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்து, இருட்டறைக்கு ஓடிக் கழுவி முடிக்க வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டும், பல செக்கன்கள் ஆடாமல் உட்கார ஒருவர் வேண்டும். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் கொஞ்சப் படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் அவர் முன்னால் உட்கார்ந்த டென்னிசனும் டார்வினும் ஹெர்ஷலும் பெயரோடு நிற்கிறார்கள். இங்கே உட்கார்ந்தவர்களில் அநேகம் பேருக்குப் பெயரில்லை. அந்தப் படங்களில் ஒரு பிரதியாவது எந்த லயத்துக்கும் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. அதற்காக அந்த அம்மாவைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? ஒரு தகடு உடைந்தால் அழுதிருப்பார். முகங்களை அவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்க்கிற துணிச்சல் அந்தக் காலத்தில் வேறு யாருக்கும் அதிகம் இருக்கவில்லை. கிட்டத்தில் போவது என்பதை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

1994இல் சொந்தமாக ஒரு கமரா வாங்கினேன். கொழும்பில், ஏற்கெனவே ஒருவர் பாவித்த நிக்கோன் எப்எம்2. நண்பர்கள் தானாகவே போக்கஸ் செய்கிற புதுக் கமராக்களைச் சொன்னார்கள். எனக்கு அதில் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் எப்எம்2 பற்றரி இல்லாமலும் ஓடும். உள்ளே இருக்கிற பற்றரி ஒளிமானிக்கு மட்டும்தான். ஷட்டர் முழுவதும் இயந்திரம், செக்கனில் 4000இல் ஒரு பங்கு வரை போகும். பனிக்காலத்து விடியலில் நுவரெலியாவில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது மற்றவர்கள் பற்றரியைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்குவார்கள். எனக்கு அந்த வேலை இல்லை. பழுதானால் திருத்தக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்ற ஊரில், பழுதாவதற்கு உள்ளே குறைவாக இருக்கிற கருவியே நல்ல கருவி.

அப்போது யுத்தக் காலம். தமிழ் இளைஞன் ஒருவன் கமராப் பையோடு பாலம், அணைக்கட்டு, ரயில் பாதைப் பக்கமாக நடந்தால் சோதனைச்சாவடியில் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். காசல்ரீ, மவுசாக்கலை அணைக்கட்டுகளுக்குப் பக்கத்தில்தான் எங்கள் கல்யாண வீடுகள் பாதி. ஒருமுறை பிலிமை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், ஒரு வளைகாப்பு முழுவதும் வெளிச்சத்தில் போயிற்று. கமராக் கொம்பனியின் பெயர் பொறித்த பையை நான் அன்றைக்கே விட்டேன். மரக்கறி வாங்குகிற துணிப்பை, அதற்குள் துவாய், துவாய்க்குள் கமரா, மேலே கல்யாண அழைப்பிதழ். அழைப்பிதழை மறக்கவே கூடாது.

லயத்துக் காம்பராவில் படமெடுத்துப் பார்த்தவனுக்குத்தான் லென்ஸின் அகலம் என்ன என்று தெரியும். 10 அடிக்கு 12 அடி அறை. அதில் பெண், மாப்பிள்ளை, தாய்மாமன், அத்தைமார், குத்துவிளக்கு, ஒரு கட்டில், கட்டிலுக்கு மேலே சிறுபிள்ளைகள். 50 மில்லிமீற்றர் லென்ஸில் தாய்மாமனின் பாதிதான் வரும். முதுகு சுவரில் முட்டுகிற வரைக்கும் பின்னால் போயாயிற்று, அதற்கு மேல் போனால் அடுத்த வீட்டுக் காம்பரா. அதனால் 28 மில்லிமீற்றர் வாங்கினேன். ஓரத்தில் நிற்கிறவர்களின் முகத்தை அது கொஞ்சம் இழுத்துப் பெருப்பிக்கும் என்பதால் பருமனான அத்தைமாரை நடுவில் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். நடுவில் நிறுத்தினால் மரியாதை செய்ததாகவும் ஆயிற்று.

பிளாஷ் இன்னொரு பாடம். முகத்துக்கு நேரே அடித்தால் பின்சுவரில் கறுப்பு நிழல் விழும், கூரையில் அடித்துத் திருப்பினால் ஒளி மென்மையாக இறங்கும் என்று புத்தகங்களில் இருக்கும். அந்தப் புத்தகங்களை எழுதியவர்களின் வீட்டுக் கூரை வெள்ளையாக இருந்திருக்கும். எங்கள் காம்பராவில் தகரக் கூரை. அதற்கு அடியிலேயே அடுப்பு, புகை போக வழி கிடையாது. தலைமுறைகளின் புகைக்கரி படிந்த அந்தத் தகரத்தில் விவிட்டார் 283இன் முழு வெளிச்சத்தை அடித்தாலும் ஒன்றும் திரும்பி வராது. மாப்பிள்ளை வீட்டாரிடம் புது வேட்டி ஒன்றை வாங்கி இரண்டு பையன்களை இருபுறமும் பிடிக்க வைத்து, அதில் பிளாஷை அடித்தேன். பெண்ணின் முகத்தில் ஒளி வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து என் துணிப்பையில் எப்போதும் ஒரு நாலுமுழ வேட்டி இருக்கும். குடையும் ஸ்டாண்டும் விற்கிற கடைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் பிடிக்காது.

பிளாஷே கூடாத இடமும் உண்டு. மாசியில் காமன்கூத்து. கம்பம் நட்டு, நாட்கணக்கில் தப்பு முழங்கி, கடைசி இரவில் மதன் எரிவான். ரதி வேஷம் கட்டியவர் ஆண்தான். ஆனால் நடு இரவில், பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், புருஷனை இழந்து அவர் அழுகிற அழுகைக்கு லயத்துப் பெண்கள் எல்லாரும் கூடச் சேர்ந்து அழுவார்கள். வீரபத்திரன் வருகிறபோது ஆட்களுக்கு அருள் வரும். அந்த நேரத்தில் பிளாஷ் அடிக்கிறவனை நானே அடிப்பேன். 400 பிலிமைப் போட்டு அதை 1600 என்று பாவித்துக் கழுவும்போது நேரத்தைக் கூட்டுவேன். லென்ஸ் 50 மில்லிமீற்றர் எப்1.8. நிக்கோன் விற்றவற்றில் மலிவானது, 160 கிராம்கூட இல்லை. படத்தில் மணல் தூவியது தெரியும். ஆடுகிறவரின் கை கலங்கும். ஆனால் பெற்றோல்மாக்ஸ் எந்தப் பக்கம் இருந்தது என்பது முகத்தில் தெரியும். அந்தக் கூத்தைப் பிளாஷில் எடுத்த படங்களையும் பார்த்திருக்கிறேன். அரிதாரமும் காகிதக் கிரீடமும் பளிச்சென்று தெரிகின்றன. கூத்தைத்தான் காணவில்லை.

இனி, எல்லாரும் கேட்கிற நீள லென்ஸ். தலவாக்கலைக்கு அண்மையில், சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வாகனங்கள் நிற்கிற இடத்திலிருந்து கொழுந்து மலையை நோக்கி அது எந்த நாளும் நீண்டுகொண்டிருக்கும். 70-200, எப்2.8. நல்ல லென்ஸ், மறுக்கவில்லை. ஒன்றரைக் கிலோ. கூட்டம், ஊர்வலம், நோர்வூட் மைதானத்து விளையாட்டு என்று பத்திரிகைக்கு எடுக்கிற நண்பனுக்கு அது இல்லாமல் சோறில்லை. எனக்கு வேண்டாம் என்று முடிவுசெய்ததற்கு எடை பாதிக் காரணம். மழைக்காலத்தில் கவ்வாத்து மலையில் ஏறிப் பாருங்கள், ஒரு கை செடியைப் பிடிக்க வேண்டும், ஒரு கை அட்டையைத் தட்ட வேண்டும், கானைத் தாண்ட இரண்டு காலும் போதாது. மற்றப் பாதிக் காரணம், தெருவிலிருந்து எடுக்கும் படத்தில் கொழுந்தெடுக்கிற பெண்ணுக்குத் தெரியாமலே அவள் முகம் போய்விடுகிறது என்பது. சில இடங்களில் பெண்கள் கூடையோடு நின்று சிரித்து, படமெடுத்தவரிடம் காசு கேட்கிறார்கள் என்று சுற்றுலாக்காரர்கள் முறையிடுவதைக் கேட்டிருக்கிறேன். ஏன் கேட்கக் கூடாது? கொழுந்துக்குக் கிலோக் கணக்கு இருக்கிறது. முகத்துக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

35 மில்லிமீற்றர் லென்ஸை மாட்டினால் நிரைக்குள் இறங்கியே ஆக வேண்டும். நாலடி தூரத்தில் நின்று கேட்க வேண்டும். கேட்டால் சிலர் மாட்டேன் என்பார்கள், அதுவும் சரிதான். சம்மதித்தவரின் முகம், தலையில் கயிறு அழுந்திய இடம், இடுப்பில் கட்டிய படங்கு, கறை ஏறிய விரல், பின்னால் மலை எல்லாம் அதில் ஒன்றாக வரும். தேயிலை டப்பாவில் அச்சடிக்க அது உதவாது.

டப்பாவுக்கும் எடுத்திருக்கிறேன். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கொம்பனிகளுக்குக் கைமாறிய பிறகு எல்லாருக்கும் வண்ணப் புத்தகம் தேவைப்பட்டது. ஒரு கொம்பனி என்னை அழைத்தது. பெண்களுக்குப் புதுச் சேலை வாங்கி வைத்திருந்தார்கள், எல்லாம் ஒரே சிவப்பு. கூடை பாதி நிரம்பியிருக்க வேண்டும், வானம் நீலமாக இருக்க வேண்டும், எல்லாரும் சிரிக்க வேண்டும். அப்போது அங்கே ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழும், குறைந்தால் அரைப்பேர். காலை முழுவதும் எனக்காகச் சிரித்துக்கொண்டிருந்தால் கிலோவுக்கு எங்கே போவார்கள்? முழுப்பேர் போடுவதாகச் சொன்னால்தான் கமராவைத் திறப்பேன் என்றேன். சின்னத்துரை பெரிய துரையைக் கேட்டு, பெரிய துரை கொழும்பைக் கேட்டு, பத்து மணிக்குச் சம்மதம் வந்தது. அதற்குள் வானம் மூடிவிட்டது. படங்கள் சாம்பல் வானத்தோடுதான் வந்தன. தேயிலைக்குச் சாம்பல் வானம்தான் அழகு, பச்சை தன் நிறத்தில் நிற்கும் என்பது என் கட்சி. கொம்பனி ஒத்துக்கொள்ளவில்லை.

வேலை முடிந்து பெட்டியைக் கட்டும்போது பெண்களில் மூத்தவர் வந்தார்.

“தம்பி, எங்களுக்கு ஒண்ணு எடுத்துக் குடுப்பீங்களா?”

“இப்ப எடுத்ததுலயே பிரதி போட்டுத் தாறேன் அம்மா.”

“அது வேணாம். கூடை இல்லாம ஒண்ணு எடுங்க. சேல நல்லாயிருக்கு.”

கூடையை எல்லாரும் கானுக்குள் வைத்தார்கள். படங்கை அவிழ்த்தார்கள். தலைத்துணியை எடுத்து மயிரைச் சீவினார்கள், சீப்பு ஒன்றுதான் இருந்தது, வரிசையாகக் கைமாறியது. ஸ்டோருக்கு முன்னால் சீமெந்துப் படியில் கையைத் தொங்கவிட்டு, சிரிக்காமல், நேராக நின்றார்கள். அவர்களுக்கு வேண்டிய படம் அதுதான். உண்மையான உழைப்பாளியின் முகம் வேண்டும் என்று என்னிடம் படம் கேட்டு வருகிற சஞ்சிகைக்காரர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. அவர்கள் கேட்பதும் கூடையைத்தான், கொம்பனி கேட்டதும் கூடையைத்தான். சேலை மட்டும்தான் வித்தியாசம்.

பிலிமை விட்டு மாற நான் அவசரப்படவில்லை. 2010இல் பாவித்த நிக்கோன் டி700 ஒன்று கைக்கு வந்தது. 2008இல் வந்த கமரா, 12 மெகாபிக்சல். அதே ஆண்டு வந்த கெனன் 5டி மார்க் 2இல் 21 மெகாபிக்சல், போதாததற்கு வீடியோவும் எடுக்கும். ஏன் குறைந்ததை வாங்கினாய் என்று கேட்காதவர் இல்லை. கணக்குப் பாருங்கள். டி700இன் படம் 4256க்கு 2832 புள்ளி. அங்குலத்துக்கு 240 புள்ளி வைத்து அச்சடித்தாலும் நீளம் 17 அங்குலத்தைத் தாண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாண அல்பத்தின் விரித்த தாளுக்கு அது போதும். லயத்துச் சுவரில் அதைவிடப் பெரிய படத்துக்கு இடமும் இல்லை. எனக்கு வேண்டியது இருட்டில் பார்க்கிற கண். ஐஎஸ்ஓ 3200இலும் அந்தக் கமரா எடுத்த தோல் நிறம் தோல் நிறமாகவே இருந்தது. கறுப்பு மயிருக்கும் கரிபிடித்த சுவருக்கும் நடுவில் வேறுபாடு தெரிந்தது. உடம்பு மக்னீசியக் கலவை, பொருத்துக்களில் நீர் புகாத ரப்பர். மஸ்கெலியா மழையில் அதற்கு நான் குடை பிடித்ததில்லை. எடை மட்டும் ஒரு கிலோ. அதற்குப் பதிலாக லென்ஸைக் குறைத்தேன். 35, 85, பழைய 50. அவ்வளவுதான். மூன்றும் சேர்ந்தாலும் அந்த நீள லென்ஸின் எடையில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான்.

தேயிலை ஸ்டோருக்குள் லென்ஸை மாற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சலிக்கிற அறையில் பறக்கிற தூசு உணரிக் கண்ணாடியில் ஒட்டினால் லேசில் போகாது. வெளிக்குளிரிலிருந்து நேராக உலர்த்தி இருக்கிற அறைக்குள் நுழைந்தால் கண்ணாடி முழுவதும் வியர்க்கும். அரை மணித்தியாலம் பையை மூடியபடியே உள்ளே வைத்துவிட்டு டீமேக்கரோடு ஒரு பிளேன்ரீ குடிக்க வேண்டும். இது எந்தக் கையேட்டிலும் இல்லாத, எனக்கு மிகப் பிடித்த விதி.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது பதுளை மாவட்டம், எங்கள் பக்கமல்ல. ஆனால் மலையகத்தில் பெண் கொடுத்து எடுப்பது மாவட்டம் பார்த்தா நடக்கிறது? சில வாரங்களுக்குப் பிறகு டிக்கோயாவிலிருந்து ஒருவர் வந்தார். தங்கையை அங்கே கட்டிக் கொடுத்திருந்தார். கல்யாணப் படம் நான் எடுத்தது, பிலிம் காலத்தில். அல்பம் தங்கை வீட்டில் இருந்தது. அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

முதலாளி பழக்கியபடி உறைகளில் ஆண்டும் தோட்டமும் எழுதியிருந்ததால் தேடி எடுக்க முடிந்தது. நெகட்டிவ் கிடைத்தது, ஓரத்தில் லேசான பூஞ்சணத்தோடு. ஸ்கேன் செய்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக மூடி, அச்சடித்துக் கொடுத்தேன். காசு வாங்குவேன் என்று அவர் நினைத்துக் கையில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு வன்தட்டுகளை இரண்டாக வாங்குகிறேன், ஒன்று ஸ்டூடியோவில், மற்றது வேறோர் ஊரில் தம்பி வீட்டில். புது லென்ஸ் ஒன்றைத் தள்ளிப்போட்டு வன்தட்டு வாங்கிய ஆண்டும் உண்டு. கமராக் கடைகளின் கண்ணாடி அலுமாரியில் வன்தட்டைக் காட்சிக்கு வைப்பதில்லை. வைத்தால் நல்லது.

சாவு வீடுகளில் கண்ட இன்னொன்று. ஆச்சி இறந்ததும் பேரப்பிள்ளைகள் பெனர் அடிக்க ஓடுவார்கள். ஆச்சியின் படம் என்று வீட்டில் இருப்பது அடையாள அட்டை ஒன்றுதான். விரல்நகத்தளவு முகத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து மூன்றடிக்குப் பெருப்பித்தால் ஆச்சி எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டும். 2017இல் புதிய அடையாள அட்டை வந்த பிறகு படத்துக்கு அளவும் விதியும் கூடின. நேராகப் பார், சிரிக்காதே, நிழல் விழக் கூடாது. நான் அந்தப் படத்தை எடுத்து முடித்ததும் திரையை விலக்கிவிட்டு, “இப்ப நீங்க விரும்புற மாதிரி இருங்க” என்று இன்னொன்று எடுத்து வைக்கிறேன். கேட்டு வாங்கிப் போகிறவர்கள் குறைவு. கோப்பில் இருக்கிறது.

அதோடு ஒரு சின்ன அச்சு இயந்திரமும் வாங்கினேன். கெனன் செல்பி, பற்றரியில் ஓடும், தபாலட்டை அளவு. துணிப்பைக்குள் அடங்கும். லயத்து வாசலில் வைத்து அழுத்தினால் கடதாசி நாலு தடவை உள்ளே போய் வெளியே வரும். முதல் தடவை மஞ்சளில் ஒரு நிழல். அடுத்து ரோஸ் ஏறி முகம் தெரியும். மூன்றாவதில் நீலம் விழுந்து மயிர் கறுக்கும், சேலை தன் நிறத்துக்கு வரும். நாலாவது தடவை மேற்பூச்சு, அதற்குப் பிறகு மழைத்துளி பட்டாலும் துடைக்கலாம். இரண்டாவது தடவையிலேயே பிள்ளைகள் “நம்ம அப்பாயி!” என்று கத்திவிடுவார்கள். என்னிடம் உள்ள கருவிகளில் ஆட்கள் சுற்றி நின்று பார்ப்பது அதை மட்டும்தான். கமராவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது கடதாசியும் ரிப்பனும் சேர்ந்த பெட்டி கைக்கெட்டாத விலைக்குப் போனது. கமரா வாங்குவதை எல்லாரும் நிறுத்தினார்கள். பாவித்த கமராக்கள்கூடப் புதிது விற்ற விலைக்குப் போயின. அந்த ஆண்டில்தான் நோர்வூட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். தாய் கொழுந்தெடுக்கிறவர். இவள் கொழும்பில் உடுப்புக் கடையில் வேலை செய்து சேர்த்த காசோடு வந்திருந்தாள். படமெடுக்கிற தொழிலுக்கு வரப்போகிறாளாம்.

“என்ன கமரா வாங்கலாம் அங்கிள்?”

நான் என் முழு உபதேசத்தையும் இறக்கினேன். பாவித்த டி750 ஒன்று, 35 லென்ஸ், இரும்புப் பெட்டி, 15 வாட் குமிழ், ஒரு வேட்டி. மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனாள். பிறகு பார்த்தால் சோனி ஏ7 மூன்றாவது மொடலும், கமரா ஆடாமல் பிடிக்கிற கிம்பலும் வாங்கி வந்து நிற்கிறாள். மழைக்கு அது தாங்காது பிள்ளை என்றேன்.

“குடை புடிக்கத் தம்பி இருக்கான் அங்கிள். சடங்கு வீட்டுல இப்ப எல்லாரும் வீடியோதான் கேக்குறாங்க. போன்ல அனுப்புனா லண்டன்ல இருக்கிற மாமாவும் பார்ப்பாரு. செவுத்துல யாரு மாட்டுறாங்க?”

அவள் சொன்னது சரி. சத்தமில்லாமல் ஷட்டர் விழுகிறது, கண்ணைத் தேடிப் பிடித்துத் தானே போக்கஸ் செய்கிறது, எடுப்பதற்கு முன்பே படம் எப்படி வரும் என்று திரையில் தெரிகிறது. காமன்கூத்தில் பெற்றோல்மாக்ஸ் இருட்டில் அவள் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். ரதி அழுகிற சத்தமும் அதில் இருக்கிறது. சடங்குக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் பெண்கள் மட்டும் நிற்கிற இடத்துக்கும் அவளால் போக முடிகிறது. இத்தனை காலமும் நான் வாசலுக்கு வெளியே நின்றவன். இந்த வருஷம் என்னைவிட அவளுக்குத்தான் வேலை கூட.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் செல்பியை இரவல் கேட்டு வருகிறாள். வீடியோ எடுத்த வீட்டில் ஆச்சிமார் “எங்களுக்கு ஒண்ணும் இல்லியா?” என்று கேட்கிறார்களாம். கடதாசிக் காசை யார் போடுவது என்று எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு இருக்கிறது. பாதிப் பாதி என்று நான் சொன்னேன். கல்யாண வீட்டுக் கணக்கில் சேர்த்துவிடலாம், ஆச்சிமாரிடம் வாங்கக் கூடாது என்கிறாள் அவள். அடுத்த ஞாயிறு சாஞ்சிமலையில் ஒரு சடங்கு, வீடியோ அவள், படம் நான். ரிப்பனில் இன்னும் 11 தாளுக்கு மை இருப்பதாக அவள் சொல்கிறாள். 9 என்று என் கணக்கு.